முந்திரி ஓட்டு எண்ணெயும் உப்புக் காற்றும்

கேள்வி: தூத்துக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உப்பளக் கொட்டகை, மீன் பதப்படுத்தும் கம்பெனிகளுக்கான ஸ்டீல் பிளாட்பாரம், படிக்கட்டு, கைப்பிடி இவைதான் பெரும்பாலும் என் வேலை. ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் அடித்துக் கொடுப்பேன். பெரிய வேலை என்றால் எபாக்சி. இப்போது ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்று சொல்லி, பெட்ரோலியம் குறைந்த, தாவரப் பொருள் சேர்ந்த பெயின்ட்தான் வேண்டும் என்கிறார். கடைக்காரர் ஒரு எபாக்சியைக் காட்டி, "இதன் ஹார்டனர் முந்திரி ஓட்டிலிருந்து வருகிறது, 80 சதவீதம் தாவரம்" என்கிறார். விலையும் கூடுதல். இது நிஜமா, விற்பனைப் பேச்சா? நிஜமென்றால் நம் ஊர் உப்புக் காற்றைத் தாங்குமா? ஒரு வருஷத்தில் துரு எட்டிப் பார்த்தால் வாடிக்கையாளர் முந்திரியைத் திட்ட மாட்டார், என்னைத்தான் திட்டுவார்.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த 80 எதில் 80 என்பதை அவர் சொல்லவில்லை. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

தாவரம் சேர்ந்த பெயின்ட் உங்கள் பட்டறைக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். இத்தனை நாள் நீங்கள் அடித்துவந்த எனாமலில் ஏற்கெனவே எண்ணெய் வித்து இருக்கிறது. அதன் ரெசினுக்கு அல்கைட் என்று பெயர். சோயா எண்ணெய், ஆளிவிதை எண்ணெய், நீர் நீக்கிய ஆமணக்கெண்ணெய் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கிளிசரின் மாதிரியான ஆல்கஹாலோடும் தாலிக் அன்ஹைட்ரைடோடும் சேர்த்துக் காய்ச்சி எடுப்பது. கேட், கிரில்லுக்கு அடிக்கும் ரகங்களில் ரெசின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாகவே இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து வருவது தாலிக் அன்ஹைட்ரைடும், டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே அந்த டர்பன்டைனும்தான். (கடையில் நாம் லிட்டர் கணக்கில் வாங்கும் டர்பன்டைன் பெட்ரோலியத்தில் வடித்தது. பைன் மரப் பிசினிலிருந்து வடித்த அசல் சரக்கை ஓவியர்கள்தான் தேடி வாங்குகிறார்கள்.)

இன்னும் பின்னால் போனால் பெயின்டின் பசை முழுக்க முழுக்கத் தாவரம். ஆளிவிதை எண்ணெயில் ரெட் லெட் என்னும் சிவப்பு ஈயத் தூளைக் குழைத்து அடித்துத்தான் உலகத்தின் பெரிய இரும்புப் பாலங்களை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றினார்கள். எண்ணெயின் அமிலமும் ஈயமும் கூடி உண்டாகிற ஈய சோப்புதான் துருவைத் தடுத்தது. ஸ்காட்லாந்தில் 1890-இல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்துக்கு வருஷம் முழுக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். முடியாத வேலைக்கு அந்தப் பாலத்தின் பெயரைச் சொல்வது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. 2002 முதல் 2011 வரை பழைய பூச்சுகளைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி அடித்தார்கள். 25 ஆண்டு தாங்கும் என்று கணக்கு. ஆக, ஈயத்தால் மனிதனுக்கும் மண்ணுக்கும் விஷமாக இருந்தது தாவர எண்ணெய்ப் பெயின்ட். தூரிகையைக் கீழே வைக்க விட்டது பெட்ரோலியப் பெயின்ட். தாவரம் நல்லது, பெட்ரோலியம் கெட்டது என்று தொடக்கத்திலேயே கோடு கிழித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

எண்ணெய்ப் பெயின்ட் கடலோரத்தில் ஏன் தோற்றது? ஜி.ஐ. ஷீட்டில் நேராக எனாமல் அடித்தால் சில மாதத்தில் பட்டை பட்டையாக உரிந்து வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துத்தநாகமும் எண்ணெயின் அமிலமும் சேர்ந்து அடியில் சோப்பாகிவிடுகின்றன. சோப்பின் மேல் எதுவும் ஒட்டி நிற்காது. சாதாரண இரும்பிலும் இதே விபத்து நடக்கும், கொஞ்சம் மெதுவாக. உப்பு ஈரத்தில் இரும்பு ஓரிடத்தில் அரிக்கும்போது, பக்கத்து இடத்தில் காரம் உண்டாகிறது. அந்தக் காரம் எண்ணெய் ரெசினின் எஸ்டர் பிணைப்பை அறுக்கும். சின்னக் கீறலில் தொடங்கும் துரு, பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவுவது இப்படித்தான். அமைன் ஹார்டனர் சேர்த்து இறுகிய எபாக்சியின் முதுகெலும்பில் அறுபடுவதற்கு எஸ்டர் பிணைப்பு இல்லை. அதனால்தான் கப்பல், பாலம், எண்ணெய்த் தொட்டி எங்கும் அது ஏறி உட்கார்ந்தது. அந்த எபாக்சியின் இரண்டு டப்பாக்களும் நெடுங்காலம் பெரும்பாலும் பெட்ரோலியமே. ரெசின், பிஸ்பினால்-ஏ என்பதும் எபிகுளோரோஹைட்ரின் என்பதும் சேர்ந்தது. ஹார்டனர் ஏதாவதொரு அமைன்.

முந்திரி நுழைந்தது ஹார்டனர் டப்பா வழியாக. பருப்பைச் சுற்றியுள்ள ஓடு வெறும் கட்டை அல்ல. வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே அறை அறையாகக் கரும்பழுப்புப் பசை நிற்கும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்கள் சாம்பலோ எண்ணெயோ கையில் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அந்தப் பசை பட்டால் விரல் கறுத்து, வெந்து, தோல் உரியும். கொட்டையின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் ஓடு. ஓட்டின் எடையில் கால் பங்கும் அதற்கு மேலும் இந்தப் பசை, அதாவது ஓட்டு எண்ணெய். அதில் பெரும்பங்கு அனாகார்டிக் அமிலம். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு குமிழியாகப் பிரிந்து போய், கார்டனால் மிஞ்சும். அதுதான் சரக்கு.

கார்டனாலின் ஒரு முனை ஃபீனால் வளையம். மறு முனை 15 கார்பன் நீளமுள்ள எண்ணெய் வால். இந்த இரண்டையும் ஒரே மூலக்கூறில் கோத்து வாங்க வேண்டும் என்றால் பெட்ரோலிய வேதியியலாளர் தனியாகப் பாடுபட வேண்டும். அப்படிப் பாடுபட்டுச் செய்த நோனைல்ஃபீனால் என்ற பொருளை எபாக்சி ஹார்டனர்களில் தாராளமாகப் போட்டார்கள். ஆற்றுக்குப் போனால் மீன்களின் ஹார்மோனைக் குலைக்கிறது என்று ஐரோப்பா அதற்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. முந்திரி மரம் அதே வடிவத்தில், இன்னும் நீளமான வாலோடு, கழிவு ஓட்டுக்குள் ஒரு பொருளை வைத்திருக்கிறது.

கார்டனாலை ஃபார்மால்டிஹைடோடும் எத்திலீன் டைஅமைன் போன்ற அமைனோடும் சேர்த்தால் ஃபினால்கமைன் கிடைக்கும். உங்கள் கடைக்காரர் காட்டிய டப்பாவில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். திறந்து பாருங்கள்: தேயிலை டிகாக்‌ஷனுக்கும் வெல்லப் பாகுக்கும் நடுவில் ஒரு செம்பழுப்பு. நிறமில்லாத, தண்ணீர் மாதிரித் தெளிவான ஹார்டனரைக் காட்டி யாராவது முந்திரி என்று சொன்னால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

உங்களுக்கு இதில் என்ன லாபம்? ஈரம். ஐப்பசியில், சாதாரண அமைன் ஹார்டனர் போட்ட எபாக்சியைச் சாயங்காலம் அடித்துவிட்டுக் காலையில் வந்து விரலால் தேய்த்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் காய்ந்ததுபோல் வழவழப்பாக, வெளிறிய ஒரு படலம் கையில் வரும். இறுகி முடிக்காத அமைன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாக்கிய உப்பு அது. பிளஷ் என்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த கோட் அடித்தால் இரண்டு கோட்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. பல பட்டறைகளில் 'பெயின்ட் மட்டம்' என்று பழி விழுவது இந்தப் படலத்தால்தான். ஃபினால்கமைனில் இந்தத் தொல்லை வெகு குறைவு. வால் ஈரத்தை உள்ளே விடாது. ஃபீனால் வளையம் வேலையைத் துரிதப்படுத்தும். லேசாக ஈரம் படிந்த இரும்பிலும், பளபளவென்று பிளாஸ்டிங் செய்ய முடியாமல் வயர் பிரஷ்ஷோடு நிறுத்திய இடத்திலும் மற்றவற்றைவிடப் பிடிப்பு நன்றாக இருக்கும். கொரியக் கப்பல் கட்டும் தளங்களுக்கு இதன் அருமை வேறு விதத்தில்: 5 டிகிரிக் குளிரிலும் இது இறுகும். தூத்துக்குடிக்கு அது தேவைப்படாது.

கப்பல்காரர்கள் இதை எடுத்துக்கொண்டது கரியமிலக் கணக்குப் பேசும் காலத்துக்கு வெகு முன்பே. நிலக்கரித் தார் கலந்த எபாக்சியைக் கைவிட வேண்டி வந்தபோது (தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு) தண்ணீரைத் தள்ளுகிற இன்னொரு பொருள் தேவைப்பட்டது, கார்டனால் பொருந்தியது. ஜப்பானில் அரக்குப் பாத்திரங்களுக்குப் பூசும் உருஷி மரப் பாலுக்கு மாற்றாக முந்திரி எண்ணெய் அரக்கு செய்து விற்கிறார்கள். உருஷி, முந்திரி, மா எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் உதட்டைப் புண்ணாக்குவதும் அந்த உறவில்தான்.

சரி, அந்த 80-க்கு வருவோம். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ரெசின் 100 கிலோ, ஹார்டனர் 50 கிலோ, கூடவே தாது நிறமிகள் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டனரில் 80 சதவீதம் தாவரம் என்றால் அது 40 கிலோ. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்த 150 கிலோவில் இந்த 40 கிலோ சுமார் 27 சதவீதம். நிறமியையும் சேர்த்து, காய்ந்த படலம் முழுவதையும் கணக்கெடுத்தால் 13 சதவீதம் சொச்சம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. மூன்று எண்ணும் உண்மை, மூன்றும் ஒரே டப்பாவுக்கு. விற்பவர் எதைச் சொல்வார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் தின்னரைச் சேர்க்கவே இல்லை. அது சைலீன், பெட்ரோலியம், காற்றில் போய்விடும்.

ரெசின் டப்பாவிலும் தாவரம் நுழைந்துவிட்டது. எபிகுளோரோஹைட்ரினைக் கிளிசரினிலிருந்து செய்ய முடியும். தாவர எண்ணெயை பயோடீசலாக மாற்றும்போது எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கிளிசரின் உபரியாக வரும். தாய்லாந்தில் 2012 முதல் ஆண்டுக்கு 1 லட்சம் டன் திறனில் இந்த முறையில் செய்கிறார்கள். இங்கே குஜராத்தின் தஹேஜில் 2022-இல் 50,000 டன் திறனில் ஓர் ஆலை வந்தது. எபாக்சியின் அடிப்படை மூலக்கூறில் 21 கார்பன் அணுக்கள். அவற்றில் 6 எபிகுளோரோஹைட்ரின் தருவது, 15 பிஸ்பினால்-ஏ தருவது. ஆகவே இந்த வழியில் கார்பனில் சுமார் 29 சதவீதம்தான் தாவரமாக முடியும். மீதி 15-ஐ மாற்றுவதுதான் சிரமம். ஸ்டார்ச்சிலிருந்து வரும் ஐசோசார்பைடு, மரத்தின் லிக்னின் என்று முயற்சிகள் நடக்கின்றன. உப்புக் காற்றில் நிற்கும் ஸ்டீலுக்கு இப்போதைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளிசரினிலிருந்து வந்த எபிகுளோரோஹைட்ரினும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததும் மூலக்கூறில் ஒன்றேதான். ரெசினுக்கு அதன் பூர்வீகம் தெரியாது. "தாவரப் பொருள் என்றால் பூஞ்சை தின்னாதா, மக்கிப் போகாதா" என்ற பயம் இந்த இடத்தில் வேண்டாம். இறுகி வலைப்பின்னலான பிறகு அது எபாக்சி, அவ்வளவுதான்.

உங்கள் வாடிக்கையாளருக்குக் காகிதம் வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, கார்பன்-14 சோதனை, ஏ.எஸ்.டி.எம். டி6866 என்ற முறை. செடி உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து கார்பன்-14-ஐயும் எடுத்துக்கொள்ளும். அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் ஒரு துளியும் மிச்சமில்லை. ஆகவே பெயின்டின் கரிமக் கார்பனில் எத்தனை சதவீதம் புதிய தாவரத்திலிருந்து வந்தது என்பதை ஆய்வகம் அளந்தே சொல்லிவிடும். யாரும் ஏமாற்ற முடியாது. மற்றொன்று, மாஸ் பேலன்ஸ். ஆலையின் வாசலில் பெட்ரோலியமும் தாவரமும் ஒன்றாகக் கலந்து உள்ளே போகும். எவ்வளவு தாவரம் போனதோ அந்த அளவைக் கணக்குப் புத்தகத்தில் சில டப்பாக்களுக்கு ஒதுக்குவார்கள். ஐ.எஸ்.சி.சி. பிளஸ் சான்று பெரும்பாலும் இந்த வகை. இது மோசடி அல்ல, தணிக்கை உண்டு. ஆனால் உங்கள் கையில் உள்ள டப்பாவைச் சோதித்தால் தாவரம் பூஜ்யமாகக்கூட இருக்கலாம். வெளிநாட்டுக்காரர் எதை ஏற்பார் என்று முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்து பில் போடும்போது தகராறு வரும்.

இனி உப்புக் காற்று. கடற்கரையை ஒட்டிய உங்கள் ஊரை ஐ.எஸ்.ஓ. 12944 என்ற தர விதி சி5 வகையில் வைக்கும், அதாவது மிகக் கடுமையான அரிப்புச் சூழல். 15 முதல் 25 ஆண்டு தாங்க வேண்டும் என்றால் துத்தநாகம் நிறைந்த பிரைமர், எபாக்சி நடுக் கோட், பி.யு. (பாலியூரிதேன்) மேல் கோட் மூன்றும் சேர்ந்து 260 மைக்ரான் அளவில் கனம் வேண்டும். ஆய்வகத்தில் உப்புப் பனிச் சோதனையில் 1,440 மணி நேரம் நிற்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இந்த அறிக்கையை. தாவர சதவீதம் அதற்குப் பிறகு. பெட்டிக்குள் நடக்கும் சோதனையைவிடக் கடலோரத்தில் நிறுத்திவைத்த தகட்டின் படம் எனக்கு இன்னும் நம்பிக்கை தரும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் அப்படித் தகடுகளை நிறுத்திப் பார்க்கும் நிலையம் வைத்திருக்கிறது. அங்கே நின்ற ரகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

முந்திரி எபாக்சியை நடுக் கோட்டாகவோ, துத்தநாகம் போட வசதியில்லாத வேலையில் பிரைமராகவோ வைத்துக்கொள்ளுங்கள். மேல் கோட்டாக வைக்காதீர்கள். எல்லா எபாக்சியும் வெயிலில் சுண்ணாம்பு பூத்துப் போகும். இது கூடவே மஞ்சளடிக்கும். மேலே பி.யு. வரட்டும். அதற்கும் தாவர ஹார்டனர் வந்திருக்கிறது. மக்காச்சோள ஸ்டார்ச்சிலிருந்து எடுத்த ஐசோசயனேட் ஒன்று 2015-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதன் கார்பனில் சுமார் 70 சதவீதம் தாவரம். பூச்சுக்கு நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் அளவிலான வேலைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம். படலத்தில் சதவீதம் கூடுவது சொற்பம், விலை கையைக் கடிக்கும்.

பசங்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள். முந்திரி என்றதும் கையுறையைக் கழற்றிவிடுவார்கள். ஃபினால்கமைன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்த வாசனை பட்டாலே தடிக்கும் ஆட்கள் உண்டு. சோளத்திலிருந்து வந்தாலும் ஐசோசயனேட் ஐசோசயனேட்தான். ஸ்பிரே அடிக்கும்போது மூச்சுக்குழலுக்குப் பகை.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான்: தாவரப் பொருளால் பெயின்டின் ஆயுள் கூடும் இடத்தில் அதை வாங்குங்கள், ஆயுள் அப்படியே இருந்தால் விலை பார்த்து வாங்குங்கள், ஆயுள் குறையும் என்றால் எவ்வளவு பசுமை பேசினாலும் தொடாதீர்கள். 10 வருஷம் நிற்க வேண்டிய பூச்சு 5 வருஷத்தில் போனால் மறுபடி பெயின்ட், மறுபடி தின்னர், மறுபடி பிளாஸ்டிங், கம்ப்ரஸருக்கு டீசல். சேமித்த பெட்ரோலியம் எல்லாம் அதிலேயே போய்விடும். முந்திரி ஹார்டனர் முதல் வகை. உங்கள் வாடிக்கையாளருக்கு அடித்துக் கொடுங்கள்.

ஆனால் முதல் கோட்டுக்கு முன் நல்ல தண்ணீரால் இரும்பைக் கழுவுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், உங்கள் ஊரில் அதுவே உப்பு. படிந்த உப்பின் மேல் எந்த நாட்டு எபாக்சி அடித்தாலும் அடியில் கொப்புளம் வரும்.

கேள்வி: பண்ருட்டி அருகே எங்கள் வீட்டில் முந்திரிக் கொட்டை உடைக்கிறோம். ஓட்டைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுகிறோம். நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். ஓட்டு எண்ணெயைப் பிழிந்து நாங்களே இரும்புக்குப் பூசும் பெயின்டாக விற்க முடியுமா?
— வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: நேராகப் பூசி விற்க முடியாது. மரப் படகுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் தடவும் பழக்கம் கடலோரத்தில் நெடுங்காலமாக உண்டு. மரம் அதைக் குடித்துக்கொள்ளும், பூச்சியும் அண்டாது. இரும்பு குடிக்காது. பச்சை எண்ணெய் அமிலம். காய நாளாகும்; அதுவரை பிசுபிசுத்துத் தூசியை வாரி இழுக்கும். தொட்டவர் கை என்னாகும் என்பது உங்கள் வீட்டாருக்கே தெரியும்.

ஆனால் ஓட்டைச் சூளைக்கு அனுப்புவது காசை எரிப்பதுதான். சூளைக்குப் போவது எண்ணெயோடு சேர்ந்த ஓடு. அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், பக்கத்துத் தோட்டக்காரரோடு வம்பும் வரும். எக்ஸ்பெல்லரில் எண்ணெயைப் பிழிந்துவிட்டுப் புண்ணாக்கை எரிபொருளாக விற்றால் இரண்டுக்கும் விலை. கார்டனாலைப் பிரிக்க வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கும் கலன் வேண்டும். அது குடும்பத் தொழிலுக்குப் பெரிய முதலீடு. அதைச் செய்யும் ஆலைகள் இந்தியாவிலேயே இருக்கின்றன. அவர்களுக்குக் கச்சா எண்ணெயை விற்பதுதான் முதல் படி. தரத்துக்கு ஐ.எஸ். 840 இருக்கிறது. ஈரம், சாம்பல், கசடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஓட்டை மழையில் போட்டு வைக்காதீர்கள். எண்ணெயை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அது தன்னோடு தானே சேர்ந்து கெட்டிப்படும். வாங்குபவர் முகத்தைச் சுளிப்பார். காய்ச்சி வடித்தபின் அடியில் நிற்கும் கறுப்புக் கசடுகூட வீணாவதில்லை. பேருந்து, லாரியின் பிரேக் லைனிங்கில் முந்திரித் தூள் என்று ஒன்று சேர்ப்பார்கள். அது இந்த எண்ணெய்க் குடும்பத்துச் சரக்கு.

படிப்பில் திட்டப் பணி எடுப்பதானால் ஒரு யோசனை. இந்தத் தொழிலின் பலவீனம் வேதியியல் அல்ல, வரத்து. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் உங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளை ஒரே காலையில் சாய்த்துவிட்டுப் போனதை வீட்டில் கேட்டிருப்பீர்கள். புதுக் கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். பெட்ரோலியக் கிணறு புயலில் விழாது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு பருவத்து ஓடுகளில் எண்ணெயின் சேர்மானம் எப்படி மாறுகிறது, அது ஹார்டனர் இறுகும் நேரத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று அளந்து ஓர் அட்டவணை போட்டால் பெயின்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடம் அதை உட்கார்ந்து படிக்கும்.

கேள்வி: துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் ஒன்று விற்கிறார்கள். கடுக்காயில் இருப்பதுதான் அதிலும் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? கடற்கரை வீட்டுக் கேட்டுக்கு அதை மட்டும் அடித்தால் போதுமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்மை. இரண்டிலும் வேலை செய்வது டானின். இரும்புத் துருவோடு அது சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாக இரும்பு டானேட் ஆகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துப் பழங்காலத்தில் மசி செய்ததும் இதே வினைதான். கடையில் விற்கும் திரவத்தில் பெரும்பாலும் கூடவே பாஸ்பாரிக் அமிலமும் கொஞ்சம் பிசினும் இருக்கும்.

மெல்லிய, இறுகப் பிடித்த துருவுக்கு நன்றாக வேலை செய்யும். செதில் செதிலாக எழும்பிய துருவில் மேல் தோலை மட்டும் கறுப்பாக்கிவிட்டு நின்றுவிடும். உள்ளே வேலை தொடரும். துத்தநாக பிரைமர் அடிக்கும் எண்ணமிருந்தால் இதைத் தொடாதீர்கள், துத்தநாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் காக்கும். இது மட்டும் போதுமா என்றால், போதாது. கேட்டின் அடிச் சட்டத்தையும், கீல் பக்கத்து வெல்டிங்கையும் வயர் பிரஷ்ஷால் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் திரவத்தை ஒரு கை அடியுங்கள். மறுநாளே மேலே பிரைமர் ஏற வேண்டும். எபாக்சி அடிப்பதானால் முதலில் கையகல இடத்தில் மட்டும் அடித்து, ஒரு வாரம் விட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பாருங்கள். டேப்போடு கறுப்பு வந்தால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வெறும் இரும்பிலிருந்து தொடங்குங்கள்.